கேசட்டோடு பட்டியலையும் வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்யாணம், கோயில் விழா என்று படம் பிடித்து வருகிறேன். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற அக்கறை இப்போது ஊருக்கு ஊர் வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கேசட்டில், எந்த நிமிடத்தில், என்ன இருக்கிறது என்ற கிளிப் பட்டியலை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

2008இல் பாரதப்புழைக் கரையில் ஒரு பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்தை 14 இரவுகள் பதிவு செய்தேன். கம்பன் பாட்டைப் பாடி, மலையாளம் கலந்த தமிழில் பொருள் சொல்லும் கூத்து அது. தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் இராவண வதத்தைக் காணாமல் விட்ட பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதீகம். அதனால் கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடம் அம்மன் சந்நிதியைப் பார்த்தே இருக்கும். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரியும். நள்ளிரவு தாண்டினால் எதிரே ஆள் இருக்காது. பாவையாட்டிப் பாடும் புலவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

மொத்தம் 56 மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள். எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொன்றையும் ஓட்டி, கேசட் எண், தொடக்கம், முடிவு, கிளிப் பெயர், குறிப்பு எல்லாம் பதிந்தேன். முதல் 12 கேசட்டுகளின் பட்டியலை மட்டும் தனி உரைக்கோப்பாக வெளியே எடுத்துக் குறுந்தகட்டில் வைத்தேன். மீதி 44க்கும் பட்டியல் மென்பொருளின் புராஜெக்ட் கோப்புக்குள்ளேயே இருந்தது. கணினி மாறியது; அந்த மென்பொருள் புதியதில் ஏறவில்லை; கோப்பும் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். அவருடைய தந்தை அந்தக் கூத்தில் பாடியவர், இப்போது இல்லை. கும்பகர்ணனை எழுப்பும் இடத்தில் அவர் பொருள் சொன்னது வேண்டும் என்றார். பட்டியலில் ஒரு வரி: ‘007, 00:41:12:10, 00:43:05:18, கும்பகர்ணன் எழுதல், விளக்கு அணைந்து மீண்டும் ஏற்றுகிறார்கள்’. ஐந்து நிமிடத்தில் தந்தையின் குரலைக் கேட்டார். அடுத்து இந்திரஜித்து போரைக் கேட்டார். அது அந்த 44க்குள் எங்கோ இருக்கிறது. அவரை வெறுங்கையோடு அனுப்பினேன்.

பட்டியலைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். இதே கோப்பின் பிரதி ஒன்றை எக்செல் போன்ற விரிதாளில் திறந்து, அப்படியே சேமித்தேன். தமிழ்க் குறிப்புகள் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிட்டன. 007 என்ற எண் வெறும் 7 ஆனது. மென்பொருளுக்கு அது வேறு கேசட். குறுந்தகட்டில் மூலம் இருந்ததால் பிழைத்தேன். விரிதாளில்தான் திருத்த வேண்டும் என்றால், எல்லாப் பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) ‘உரை’ என்று குறித்து, தமிழ் எழுத்துகளைக் காக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் இறக்கி, அதிலேயே சேமிக்க வேண்டும். நம் குறிப்புகளில் காற்புள்ளி நிறைய வரும். குறிப்பை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்தால் ஒரு குறிப்பு இரண்டாக உடைந்து அடுத்த பத்திக்குள் விழும். டேப் (Tab) விசை தரும் இடைவெளியால் பிரிப்பதே மேல். தொடக்கம், முடிவைக் குறிக்கும் டைம்கோடில் மணி, நிமிடம், நொடிக்குப் பின் வரும் கடைசி இரண்டு இலக்கம் சட்டக (ஃபிரேம்) எண்; நம் நாட்டு பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 சட்டகம் என்பதால், அது 24ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கோ தவறு.

பட்டியலை வெளியே எடுக்கும் வசதி இன்றைய மென்பொருள்களிலும் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் அதை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பாகத் தரும், அவிட் ஏஎல்இ (டேப் இடைவெளியால் பிரித்த) கோப்பாகத் தரும். இரண்டும் எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துகள்தாம். எடிட்டிங் கற்றுத் தரும் கல்லூரிகள் இதை முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டும். ஒளிப்பதிவுகளைப் பெறும் நூலகங்களும் கோயில் நிர்வாகங்களும் பட்டியல் இல்லாமல் வாங்கக் கூடாது.

அந்த 44இல் இதுவரை ஐந்துக்குப் பட்டியலை மறுபடி எழுதி முடித்திருக்கிறேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஓர் இரவு முழுதும் ஆகிறது. இந்திரஜித்து இன்னும் வரவில்லை.

ஒளிப்பதிவாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்