கண்மாய்க் கரை: மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கரை முழுக்க ஒருமுறை நடந்துவிடுவோம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். நம் மண்கரைக்கு நாம்தான் காவல்.

வெளிச்சரிவில் கசிவு தெரிந்தால் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் தினமும் கவனியுங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, அவசரம். வெளிப்பக்கத் துளையைக் களிமண்ணால் அடைக்கவே கூடாது. தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஆற்றுமணல் பரப்பி, மேலே சல்லி போட்டு, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்குங்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. மூட்டையை வாய்வரை நிரப்பினால் படிந்து உட்காராது. பாதிக்குச் சற்று மேல் போதும். உடனே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

நண்டு வளை, எலி வளையைத் தோண்டி, அரை அடிக்கு ஒருமுறை ஈரமண் போட்டு இடிக்கவும். சீமைக்கருவேலத்தைச் செடியிலேயே பிடுங்குங்கள். பெரிய வேர் மக்கினால் கரைக்குள் குழாய்தான். மடைத் திருகுக்கு கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பார்க்கவும்.

கலுங்கில் (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) மூட்டை வைத்துத் தண்ணீரை உயர்த்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறோம். கரைமேல் தண்ணீர் வழிந்தால் மண்கரை தாங்காது.

குளிக்க வரும் பிள்ளைகளுக்கு: மடை திறந்திருக்கும்போது பக்கத்தில் போகாதே, இழுத்துவிடும். கலுங்குக் கல்லில் பாசி வழுக்கும். வண்டல் எடுத்த பள்ளம் இடுப்பளவு நீரிலிருந்து திடீரென ஆளாழம் போகும். அங்கெல்லாம் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுவோம்.