பதின்ம வயதுக் கதைகளுக்கு ஒரு தட்டுத் தாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை நூலகங்களுக்கு நூல் தெரிவு செய்வோருக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற தவணையின் கடைசி வாரத்தில் தரம் 10 மாணவி ஒருத்தியின் பையிலிருந்து எடுக்கப்பட்ட நாவலைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அது எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் புத்தகம். அவளுக்கு இரவல் கொடுத்தது நான்தான். எந்தப் பாடசாலை, எந்த ஆசிரியர் என்று இங்கே எழுதப் போவதில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நான் கேட்பது ஒரு தட்டு. ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள் வைக்க, பிள்ளைகள் தாங்களே கைநீட்டி எடுக்கக்கூடிய, பூட்டில்லாத ஒரு தட்டு.

அந்த நாவலை முழுவதும் வாசித்த பிறகுதான் வாசிகசாலையில் வைத்தேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தெரிந்த பெடியன் ஒருவனுக்குத் தன் படத்தைப் போனில் அனுப்புகிறாள். பிறகு அவன் அதை வைத்தே அவளை மிரட்டுகிறான். வீட்டில் சொல்லப் பயம். பாதிக் கதைக்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை. கடைசியில் சிநேகிதியின் அக்காவிடம் சொல்கிறாள், அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. ஆபாசமாக ஒரு வரி கிடையாது. ஆனால் பையைச் சோதித்தவர்கள் விரித்த பக்கத்தில் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு இருந்தது. மிச்சத்தை யாரும் வாசிக்கவில்லை.

தையல் வேலையை அரைநாள் விட்டுவிட்டுத் தாய் வந்தார். அவருக்கு முன்னால் வைத்துப் பிள்ளையிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார்கள். "இனிமேல் இப்படியான புத்தகங்களைப் பாடசாலைக்குக் கொண்டுவர மாட்டேன்" என்று அவள் எழுதினாள். அது போதாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்து, "வாசிக்க மாட்டேன்" என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கீழே தாய் கையெழுத்து வைத்தார்.

அந்த மாற்றத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாடசாலைக்கு எதைக் கொண்டுவரலாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. வீட்டில், விளக்குக்குக் கீழே, தன் பாட்டில் இருந்து ஒரு பிள்ளை எதை வாசிக்கக் கூடாது என்று அவளது கையாலேயே எழுதி வாங்க யார் உரிமை தந்தது? களவெடுத்த பிள்ளையிடம் வாங்குவது போல ஒரு கடிதத்தை, வாசித்த பிள்ளையிடம் வாங்கியிருக்கிறோம். அதன் பிறகு அவள் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. தாயைக் கேட்டால், "ஓ.எல் சோதனை முடியட்டும், பிறகு பாப்பம்" என்கிறார்.

பல பாடசாலைச் சுவர்களில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் ஒட்டியிருக்கிறது. நல்ல விசயம். ஆனால் அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு முதல் ஒரு பிள்ளைக்கு இரண்டு விசயம் தெரிய வேண்டும்: தனக்கு நடப்பது அநியாயம், தனக்கு மட்டும் நடப்பதல்ல. அதை அறிவுரைக் கூட்டத்தில் நாற்பது பேருக்கு நடுவில் இருந்து விளங்கிக்கொள்வது கடினம். கதையில் வரும் இன்னொரு பிள்ளையோடு கூடவே போகும்போது விளங்கும். பதின்ம வயதினருக்கான நாவல் செய்கிற வேலை இதுதான்.

இன்று தரம் 10இல் இருப்பவர்கள் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். அப்பா ஏன் சில இரவுகளில் எழும்பி வாசலில் போய் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது, அதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். மாமா வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டிய கடன், ஐஸ் போதைப்பொருள் பாவிக்கத் தொடங்கிய ஒன்றுவிட்ட அண்ணா, சாதி பார்த்துச் சிநேகிதியை முற்றத்தோடு நிறுத்திவிடும் அம்மம்மா, இவற்றோடுதான் அவர்கள் ரியூசனுக்குப் போய் வருகிறார்கள். இவற்றில் எது அவர்களது நூலக அலுமாரியில் இருக்கிறது?

தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்ற பதிலும் என் காதுக்கு வந்தது. சிலப்பதிகாரம் தொடங்கும்போது கண்ணகிக்கு ஈராறாண்டு, கோவலனுக்கு ஈரெட்டாண்டு. பன்னிரண்டும் பதினாறும். அகப்பாடல்களில் வரும் தலைவி தாய்க்குத் தெரியாமல் விரும்புகிறாள், தோழியிடம் மட்டும் சொல்கிறாள், தெரிந்ததும் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று அதற்குத் துறை வகுத்து நாம் மேடையில் பெருமையோடு பேசுகிறோம். அந்த வயதின் பயத்தையும் ஆசையையும் நம் முன்னோர் மறைக்கவில்லை.

வெளியிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருக்கும்போதே ஒரு நாவல் எழுதினார். ஏழைப் பெடியன்களும் பணக்காரப் பெடியன்களும் அடிபட்டுக்கொள்ளும் கதை. தன் வயதுப் பிள்ளைகளின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் கிடைக்காததால்தான் எழுதினார். 1967இல் அது வெளிவந்தது. சில பள்ளிகள் தடைசெய்தன. இன்று அங்கே பல பள்ளிகள் அதை வகுப்பிலேயே வாசிக்கக் கொடுக்கின்றன. கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போன ஷியாம் செல்வதுரையும் 2005இல் பதின்ம வயதினருக்கென்று ஒரு நாவல் எழுதினார். 1980ஆம் ஆண்டில் இலங்கையில் வாழும் 14 வயதுப் பையனின் கதை. ஆனால் அது ஆங்கிலத்தில். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் தமிழில் இப்படியானவை மிகக் குறைவு. பாடசாலைகள் வாங்கினால்தானே பதிப்பிப்பவர் துணிவார்? சில நூறு பிரதி அடித்து, அதையும் கட்டிக் கொண்டுபோய் வீட்டில் அடுக்கி வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

புத்தகம் மட்டுமா பிரச்சினை? நூலகப் பாடவேளையில் கணிதம் நடக்கிறது. கண்ணாடி அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பரிசளிப்பு விழாவில் கொடுக்கப்படும் நூல்களை யாராவது ஒரு மாணவனிடம் கேட்டுத் தெரிவு செய்ததுண்டா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களுக்காக ஒவ்வொரு ஆண்டும் கூடி அழுகிறோம். அழத்தான் வேண்டும். அதே ஊரில் ஒரு பிள்ளையின் பையிலிருந்து ஒரு புத்தகம் பறிக்கப்பட்டபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கோபத்தில் சற்று நீளமாகப் பேசிவிட்டேன். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிவு செய்வதும் உங்கள் பொறுப்புத்தான். ஆனால் முழுவதும் வாசித்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள். அந்தக் குழுவில் தமிழ் ஆசிரியர் ஒருவரும், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும், மூத்த மாணவர் இரண்டு பேரும் இருக்கட்டும். பொருத்தமான நாவல்களின் பட்டியலை எங்கள் வாசிகசாலை தரும், இரவல் வேண்டுமென்றால் புத்தகங்களையும் தரும்.

அந்தப் பிள்ளை எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து கோப்பிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிடுங்கள். புத்தகத்தை அவளிடமோ எங்களிடமோ திருப்பிக் கொடுங்கள். அடுத்த தவணை தொடங்கும்போது அந்தத் தட்டு இருக்க வேண்டும் என்று பணிவோடு மீண்டும் கேட்கிறேன். நீங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து பேச ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
சனசமூக நிலைய வாசிகசாலைப் பொறுப்பாளர்,
வலிகாமம்