பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும் என் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாம் உலகப் போரை நடத்தும்போது தலைவர்களையும் படைகளையும் பற்றி மட்டுமே பேச முடிகிறது, ஒரு சாதாரண ஊர் அப்போது என்ன செய்தது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். உனக்காக, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு அடைக்கலம் தந்த ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் லெ ஷாம்போன் சூர் லின்யோன். இன்றும் மூவாயிரம் பேருக்கும் குறைவாகவே வாழும் ஊர் அது.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கே நடந்தவற்றில் பாதி நிலத்தால் நடந்தது. பிரான்சின் தென்நடுப் பகுதியில், ஓட் லுவார் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. அணைந்துபோன எரிமலைகளின் மேட்டுநிலம். பைன் காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் சிதறிக் கிடக்கும். ஊரை ஒட்டி ஓடும் லின்யோன் ஆறு வடக்கே சென்று லுவாரில் கலக்கிறது. குளிர்காலத்தில் 'பூர்ல்' என்று அவர்கள் அழைக்கும் வாடைக்காற்று, விழுந்த பனியைக் கிளப்பிப் பாதைகளை மூடிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் வெளியாள் எவரும் எளிதில் மேலே ஏறிவர முடியாது.

மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்க நாட்டில் சிறுபான்மையினராக வாழ்ந்தவர்கள். 1598-இல் நாந்த் அரசாணை தந்த வழிபாட்டுரிமையை மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் பறித்துவிட்டார். அதன்பின் 1787 வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, காட்டிலும் வெட்டவெளியிலும் ஒளிந்தே ஜெபித்தார்கள். அருகிலுள்ள விவரே பகுதியைச் சேர்ந்த மரி துரான் என்ற பெண், தன் நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் ஒரு கோபுரச் சிறையில் கிடந்தார். இவையெல்லாம் அந்த வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதைகள். தேடி வரும் காவலரிடம் வாய் திறக்கக் கூடாது என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. 1893-இல் லூயி கோந்த் என்ற போதகர், நிலக்கரிப் புகை சூழ்ந்த சேந்த் எத்தியேன் நகரத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கோடையில் நல்ல காற்றுக்காக இந்த மேட்டுநிலப் பண்ணைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1902-இல் ஒரு சிறு இரயில் பாதையும் ஊர் வரை வந்துசேர்ந்தது. ஆக, முன்பின் தெரியாத குழந்தையொன்று மூட்டையோடு வந்து நிற்பதும், அதற்கு ஒரு கட்டிலும் ஒரு தட்டும் ஒதுக்குவதும் அந்த விவசாயக் குடும்பங்களுக்குப் போருக்கு முன்பே பழகிய காரியம்.

அந்தப் பழக்கத்தின்மேல்தான் போர் வந்தது. 1934 முதல் ஊரின் போதகராக இருந்த ஆந்த்ரே த்ரோக்மேயும், உடன் போதகரான எதுவார் தெய்ஸும், ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள், 1940 ஜூன் 23 அன்று, மனச்சாட்சிமேல் திணிக்கப்படும் வன்முறையை ஆன்ம ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவர்களின் கடமை என்று அறிவித்தார்கள். அடுத்து வந்த குளிர்காலத்தில், பனி பொழிந்த ஒரு மாலையில், போதகர் வீட்டுச் சமையலறைக் கதவை ஒரு பெண் தட்டினார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டார். போதகரின் மனைவி மக்தா, "உள்ளே வாருங்கள்" என்றார். பிறகு அந்தப் பெண்ணுக்கு அடையாளத் தாள் பெற மேயரிடம் சென்றபோது அவர் மறுத்துவிட்டார். சட்டத்தின் வாசல் அடைத்திருக்கிறது என்பதை மக்தா அன்று கண்டுகொண்டார். அதன்பின் ஊர் தன் வழியைத் தானே வகுத்துக்கொண்டது. குழந்தைகளுக்கென விடுதிகள் திறந்தன, போலி அடையாள அட்டைகள் தயாராயின, பண்ணைகள் நிறைந்தன. அண்டை ஊர்களும், கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவும் துணை நின்றன. 1942 ஆகஸ்டில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் காவலர்கள் பேருந்துகளோடு வந்து யூதர்களின் பட்டியலைக் கேட்டபோது த்ரோக்மே தர மறுத்தார். பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகத் திரும்பின.

விலை கொடுக்காமல் இது நடந்துவிடவில்லை. 1943 ஜூன் 29 அன்று ஒரு விடுதியில் நடந்த சோதனையில் மாணவர்களோடு அதன் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மேயும் பிடிபட்டார். போதகருக்கு உறவினரான அவர் 1944-இல் மைதானெக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரொழே லெ ஃபொரெஸ்தியே அதே ஆண்டு ஆகஸ்டில் லியோன் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை ஓர் அற்புதம் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதே. அற்புதம் என்றால் பிள்ளைகள் வியந்துவிட்டு மறந்துபோவார்கள். கருங்கல்லால் எழுப்பிய எளிய தேவாலயத்தின் வாசலுக்கு மேல் "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்று செதுக்கியிருக்கிறது. அதற்கு எதிரே, அங்கே அடைக்கலம் பெற்ற யூதர்கள் 1979-இல் பதித்த நன்றிக் கல்வெட்டு இருக்கிறது. 1990-இல், நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் ஊர் மக்கள் அனைவரையும், அண்டை ஊரார் உட்பட, ஒருசேரக் கௌரவித்தது.

மொத்தம் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று உன் மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். சிலர் ஆயிரம் என்கிறார்கள், சிலர் மூவாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். வந்தவர்களின் உண்மைப் பெயரைப் பெரும்பாலான வீடுகள் கேட்கவில்லை. கேட்ட வீடுகளும் எழுதி வைக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்