அக்கா, மீதிக் கதைகளையும் நீங்களே வாசியுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று டிசம்பர் 16. உங்கள் முதல் கதையை உங்கள் குரலில் வெளியிட இந்தத் தேதிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் நீங்கள். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பிறந்தநாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தொகுப்பின் மீதிக் கதைகளைத் தொழில்முறைக் குரல் ஒன்று வாசிக்கும், ஒலிக்கோப்பைச் செப்பனிடும் வேலையை மட்டும் நான் பார்த்துக்கொண்டால் போதும் என்றீர்கள். அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஊரறிய எழுதுவதற்கு மன்னியுங்கள். ஃபோனில் சொன்னால் "சரி தம்பி, விடு" என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். தன் கதையைத் தானே வாசிக்கக் கூச்சப்படுகிற அறிவியல் புனைகதைக்காரர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பயன்படட்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை. கோபம் இருப்பதும் உண்மை.

ஒலி உரிமைக்கான ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, யார் போட்டார்கள், எவ்வளவு என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். வீட்டுச் சூழல் பற்றியும் எழுத மாட்டேன். பணம் தேவைப்படுகிறவரிடம் வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வாசித்த அந்த உப்பளக் கதையை வேறு யாராவது வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதை உங்களுடையது, உங்களுக்கு நினைவூட்ட வேண்டாம். படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் உப்புநீரின் டிகிரியை, அதாவது அடர்த்தியை, மணிக்கொரு தரம் அளந்து சொல்கிற இயந்திரம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும். வெயிலில் காயக் காய ஏறி, 25-ஐத் தொடும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். ஆகவே 24.5 என்பது ஆள் தயாராக வேண்டிய நேரம். முன்பு அந்த டிகிரியைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஒரு வயதான அம்மா. இயந்திரம் வந்த பிறகும் கொஞ்ச காலம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிவதற்குள் அவர் இல்லை.

அச்சில் '24.5' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் எண்ணாகத்தான் இருக்கிறது. முதல் இரண்டு இடத்திலும் நீங்கள் "இருபத்து நான்கு புள்ளி ஐந்து" என்று செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தீர்கள். மூன்றாவது இடம் வந்தபோது நிறுத்தினீர்கள். நிறுத்தற்குறி எதுவும் இல்லாத இடம் அது. வரி தவறிவிட்டதா என்று ஹெட்ஃபோனோடு நிமிர்ந்து பார்த்தால், நீங்கள் தாளையே பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரையில் குரலின் அலைவடிவம் நாலு நொடிக்குத் தட்டையாக ஓடியது. அப்புறம் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "இருவத்து நாலர" என்றீர்கள். அந்த அம்மா சொல்கிற மாதிரி.

இயந்திரம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது என்று கதையில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. கண்ணால் படித்தவர்களுக்கு அது 24.5. காதால் கேட்டவர்களுக்குத்தான் கதை அங்கே திரும்புகிறது.

இனித் தொழில்முறைக் குரலிடம் அதே கதை போனால் நடப்பதைச் சொல்கிறேன். அவர்கள் கெட்டிக்காரர்கள், மூச்சும் உச்சரிப்பும் நம்மைவிடச் சுத்தம். கையில் கிடைப்பது அச்சுப் பிரதி மட்டும்தான். தசம எண்களை எப்படி வாசிப்பது என்று முதலிலேயே ஒரு முறையை முடிவு செய்வார்கள், கடைசிவரை அதையே காப்பாற்றுவார்கள். அவர்கள் வேலைக்கு அதுதான் ஒழுங்கு. தப்பித் தவறி ஒருவர் மூன்றாவது இடத்தில் 'நாலரை' என்று வாசித்துவிட்டாலும், பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறவர் 'முரண்' என்று குறித்து அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்வார். நாலு நொடி மௌனத்தை மென்பொருளே தின்றுவிடும். நீண்ட மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதி, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளிலேயே இருக்கிறது. ஒரு நொடிக்கு மேல் போனால் சுருக்கு என்று வைத்திருந்தால் அந்த அம்மா இறந்த இடமே போயிற்று.

அதனால்தான் எழுதியவர் வாசிக்க வேண்டும் என்கிறேன். நடிப்புத் திறமைக்காக யாரும் உங்களைக் கேட்கவில்லை, அக்கா. கதையில் அச்சேறாமல் நின்றுபோன பாதி உங்களிடம் இருக்கிறது.

சரி, உண்மையான காரணத்துக்கு வருவோம். மழையை 'மளை' என்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதானே? நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். ஒரே ஒரு ஆள் சொன்னதற்காக, கேட்டுவிட்டு வார்த்தை வராமல் இருந்த அத்தனை பேரையும் தள்ளிவிட்டீர்கள். எனக்கு இது வலிக்கிறது. உங்கள் கிளார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சாமர்செட்டில் மைன்ஹெட்டில் பிறந்தவர். 1956-லிருந்து 2008-இல் இறக்கும்வரை இலங்கைதான் வீடு. அத்தனை வருஷம் கழித்தும் பேச்சில் அந்தச் சாமர்செட் வாடை போகவில்லை. 1952-இல் நியூயார்க்கில் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம், எழுத்தாளர்களையே வாசிக்க வைத்து இசைத்தட்டு போட்டது. கிளார்க்கும் தன் சிறுகதைகளை அதில் வாசித்திருக்கிறார். அவற்றில் ஒன்று, செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன், சூரியனைப் பூமி கடப்பதைப் பார்த்தபடி ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசிக்கொண்டே இருக்கும் கதை. மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கிற ஒருவன் பேசுகிற கதைக்கு மெருகேற்றிய குரல் எதற்கு?

கோபத்தை இதோடு வைக்கிறேன். வேலைக்கு வருவோம். நீங்கள் வீட்டிலேயே பதிவு செய்யலாம், நான் வர வேண்டியதே இல்லை.

முதலில் வாசிப்புப் பிரதி என்று தனியாக ஒன்று வேண்டும். அச்சுப் பிரதியை வைத்து வாசிக்காதீர்கள். 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும். எந்த வாக்கியமும் பக்கத்தின் அடியில் உடைந்து அடுத்த பக்கம் போகக் கூடாது. தாள் திருப்பும் சரசரப்பு குரலோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. எண்கள் எல்லாவற்றையும் வாயால் சொல்லப்போகிறபடி எழுத்தில் எழுதிவிடுங்கள். 14:05 என்பதை 'பதினாலு பூஜ்ஜியம் ஐந்து' என்று இயந்திரம் சொல்லும், 'ரெண்டு அஞ்சு' என்று மனிதர் சொல்வார். முடிவு உங்களுடையது, மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு யோசிக்கக் கூடாது.

அறிவியல் புனைகதையைக் காதுக்குக் கொண்டுபோவதில் பெரிய சங்கடம், கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பதுதான். நீங்கள் உருவாக்கிய புதுச் சொல் முதல் தடவை வரும்போது அதற்கு முன்னால் லேசாக வேகத்தைக் குறையுங்கள், சொன்ன பிறகு அரை நொடி விடுங்கள். இரண்டாவது தடவை சாதாரணமாகப் போகலாம். பெயர்களைச் சோதித்துப் பாருங்கள். ன-ண, ல-ள வித்தியாசத்தில் மட்டும் பிரிகிற இரண்டு கிரகங்கள் காதில் ஒன்றாகிவிடும். மேற்கோள் குறி காதுக்குக் கிடையாது. தமிழில் 'என்றது' கடைசியில் வருவதால், நாலு வரிப் பேச்சு முடிந்த பிறகுதான் பேசியது இயந்திரம் என்றே தெரியும். வாசிப்புப் பிரதியில் அதைத் தூக்கி முன்னால் போடுங்கள்: "இயந்திரம் சொன்னது." எச்சத்தின் மேல் எச்சமாக நீண்டு, வினைமுற்று எங்கோ கடைசியில் நிற்கிற வாக்கியங்களை இரண்டாக வெட்டுங்கள். அச்சில் அழகாக இருக்கும், காதில் எழுவாய் தொலைந்துவிடும். காட்சி மாறுகிற நட்சத்திரக் குறிகளுக்கு மூன்று நொடி மௌனம்.

வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். 1,500 சொல் கதை பதினைந்து முதல் பதினேழு நிமிஷம் ஓட வேண்டும். பன்னிரண்டில் முடித்துவிட்டீர்கள் என்றால் பயத்தில் ஓடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். புதுச் சொற்கள் நிறைந்த கதையில் அது கேட்பவரைப் பாதி வழியில் இறக்கிவிடும்.

அறைக்கு வருவோம். உங்கள் வீட்டில் பீரோ இருக்கிற சின்ன அறைதான் நல்லது. தரை டைல்ஸ் என்பதால் ஜமுக்காளம் விரியுங்கள். பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். மைக் உங்களைப் பார்த்து இருப்பதால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அது அதிகம் வாங்கும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றும் அணைய வேண்டும். ஃபோன் விமான நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் 'டட்-டட்-டட்' என்று ஏறிவிடும். மார்கழி வந்துவிட்டது, விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுந்துவிடும். இரவு பதினொன்றுக்கு மேல் உட்காருங்கள். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் தயிரும் பால் காபியும் வேண்டாம், தொண்டை பிசுபிசுக்கும். வாய் காய்ந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய், அல்லது புளிப்பான பச்சை ஆப்பிள் ஒரு துண்டு.

மைக் டைனமிக் வகை போதும். கண்டென்சர் வகை மைக் பக்கத்துத் தெரு நாயையும் சேர்த்துப் பிடிக்கும். உதட்டிலிருந்து 12 முதல் 15 சென்டிமீட்டர், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'ப'கரம் வரும்போதெல்லாம் காற்று மோதி 'பொத்' என்று கேட்கும். பதிவு மென்பொருளில் வைக்க வேண்டியது: மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சத்தமான இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் கெயினை, அதாவது பதிவின் ஒலி அளவை, வையுங்கள். தாண்டி வெடித்துவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது, குறைந்திருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். வாசிக்கத் தொடங்கும் முன் அரை நிமிஷம் சும்மா உட்கார்ந்து அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். பாதியிலிருந்து தொடர்ந்தால் சுருதி ஒட்டாது. கைதட்டல் அலைவடிவத்தில் ஊசிமாதிரி நிற்கும், நான் கண்டுபிடித்து வெட்டிவிடுவேன்.

என் பக்கத்து வேலை குறைவுதான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வடிகட்டுவேன். இரைச்சல் நீக்கியை 6 முதல் 10 டெசிபலுக்கு மேல் போட மாட்டேன், போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். மூச்சுகளை எடுக்க மாட்டேன். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, மனிதர் பேசும் வரிகளுக்கு முன்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது, இயந்திரத்தின் வரிகளுக்கு முன்னால் கேட்பதில்லை. ஒரே குரலில் இரண்டு பேரைப் பிரித்தது அதுதான். தானாக மூச்சு நீக்கும் வசதியை ஒருவர் அழுத்தினால் எல்லாரும் இயந்திரமாகிவிடுவார்கள். கடைசியில் ஒட்டுமொத்த அளவு மைனஸ் 19 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோ, 64 கிலோபிட் எம்பி3. பதினைந்து நிமிஷக் கதை ஏழரை எம்பிக்குள் அடங்கும். மொபைல் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவர்களும் கேட்கலாம்.

இவ்வளவு கறாராக எழுதியிருக்கக் கூடாதோ என்றும் தோன்றுகிறது. ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை. ஒலி உரிமை எந்தெந்தக் கதைக்கு என்று அதில் பட்டியல் இருக்கும். கையெழுத்துப் போட்டாகிவிட்ட கதைகள் போகட்டும், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். பட்டியலில் இல்லாத நிலவுச் சுரங்கக் கதை உங்களிடம் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தால் அதைத் தராதீர்கள்.

அந்தக் கதையின் கடைசிப் பத்தியில் காற்றுமானி '0' காட்டுகிறது. பூஜ்ஜியமா, சைபரா, ஒண்ணுமில்லையா? பிரதியைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பதிலை எழுதி அனுப்ப வேண்டாம், வாசித்து அனுப்புங்கள்.

உங்கள்
தம்பி