ஹரோவிலிருந்து லீட்ஸுக்கு ஒரு தடித்த உறை

ஹரோ
7 மார்ச் 2025

அன்பு மகனுக்கு,

நேற்று நீ, "காசைக் கட்டித் தொலையுங்கள் அம்மா, எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் பிழை. நான் காரைக் கூடுதல் நேரம் நிறுத்தியதாகச் சொல்லி, ஒரு தனியார் தரிப்பிடக் கம்பனி நூறு பவுண் கேட்டு உன் பெயருக்கு அனுப்பிய கடிதங்களை ஏறக்குறைய நான்கு மாதமாகச் சமையலறை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கடனுக்கு ஓடித் திரிகிறவனை இதற்காக ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முதல் கடிதம் வந்தபோதே முறையீடு செய்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கலாம். முறையீட்டுக்குக் கிடைத்த இருபத்தெட்டு நாளை நான்தான் வீணாக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த சிவப்பு எழுத்துக் கடிதங்களுக்கு நீ பயப்பட வேண்டாம். கடன் வசூலிக்கும் கம்பனிகளால் காசைக் கேட்க மட்டுமே முடியும். வீட்டுக்கு வந்து ஒரு கதிரையைக்கூடத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் இந்த உறைக்குள் இருப்பது நோர்தம்ப்டனிலிருந்து நீதிமன்ற முத்திரையோடு வந்த வழக்குப் பத்திரம். இதையும் லாச்சிக்குள் போட்டால் உன்னைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். உன் சித்தப்பாவுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? பழைய விலாசத்துக்குப் போன பத்திரத்தை அவர் கண்ணால்கூடக் காணவில்லை. வீடு வாங்க வங்கிக்குப் போனபோதுதான் தன் பெயரில் ஒரு தீர்ப்பு இருப்பதை அறிந்தார். அது வங்கிகள் பார்க்கும் தீர்ப்புப் பதிவேட்டில் ஆறு வருடம் கிடக்கும்.

பத்திரத்தின் மேலே வலது பக்கத்தைப் பார். 3 மார்ச் என்று இருக்கிறது. அதிலிருந்து ஐந்தாம் நாள் உன் கைக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு பதினான்கு நாள், அதாவது 22ஆம் திகதிக்குள், "பத்திரம் கிடைத்தது, வழக்காடப் போகிறேன்" என்று இணையத்தில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் எதிர்வாதம் எழுத ஏப்ரல் 5 வரை நேரம் கிடைக்கும். பதியும்போது எதிர்வாதத்துக்கான கட்டத்தில் ஒரு புள்ளிகூட வைத்துவிடாதே. அந்தப் புள்ளியையே உன் எதிர்வாதமாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். உன் லீட்ஸ் விலாசத்தையும் கொடு. விசாரணை என்று வந்தால் உன் ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றுவார்கள்.

இனி வழக்கைப் பற்றி. இருபது வருடமாக நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கிறவள் நான். எங்கள் ஆட்கள் இந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து "அபராதம் வந்திருக்கிறது" என்பார்கள். நானும் பழக்கத்தில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது அபராதமே இல்லை. நகரசபை அனுப்புவதற்கும் தனியார் கம்பனி அனுப்புவதற்கும் பி.சி.என். என்ற அதே மூன்று எழுத்துத்தான். நகரசபையுடையது சட்டப்படி விதிக்கும் தண்டம். கம்பனியுடையதோ, "எங்கள் பலகையை வாசித்து, சம்மதித்து, நிறுத்தினாய்; பேசியபடி நடக்கவில்லை, காசைத் தா" என்ற ஒப்பந்தக் கணக்கு. பலகையையும் சம்மதித்த ஆளையும் அவர்கள்தான் காட்ட வேண்டும்.

சம்மதித்த ஆள் யார்? காரை ஓட்டியவள் நான். 26 ஒக்டோபர், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. நீ அன்று லீட்ஸில் வேலையில் நின்றாய். காரின் பதிவு உன் பெயரில் இருப்பதால், போக்குவரத்துத் திணைக்களத்திடம் இரண்டரைப் பவுண் கட்டி உன் பெயரையும் பதிவிலுள்ள இந்த ஹரோ விலாசத்தையும் வாங்கியிருக்கிறார்கள். வழக்குப் பத்திரத்திலும் "சாரதி அல்லது பொறுப்பாளர்" என்று இரண்டு கடலிலும் வலை வீசியிருக்கிறார்கள். சாரதி யாரென்று தெரியாதபோது பதிவுப் பொறுப்பாளரைப் பிடிக்க 2012ஆம் ஆண்டின் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கமராவை மட்டும் வைத்துப் பிடித்தால், நிறுத்திய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் அறிவித்தல் அந்த விலாசத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கெடு நவம்பர் 9ஆம் திகதியோடு முடிந்தது. கடிதத்தில் அவர்களே போட்ட திகதி 12. அதைப் பச்சைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். உன் எதிர்வாதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்: நான் சாரதி இல்லை, பொறுப்பாளர் என்ற முறையிலும் என்னிடம் கேட்க முடியாது.

யார் ஓட்டியது என்று நீதிபதி கேட்டால் அம்மா என்று சொல். மறைக்காதே. கடைசியில் "இவை உண்மை" என்று கையொப்பம் வைக்கிறவன் நீ. என்மேல் வழக்குப் போட்டால் போடட்டும், என்னிடமும் கதை இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் அனுமதி. நான் எழுபத்தெட்டாம் நிமிடத்தில் காரில் ஏறிவிட்டேன். பற்றுச்சீட்டில் மணி இருக்கிறது. பிறகு இருபத்தைந்து நிமிடம் வெளியேறும் வரிசையில், பின்சீட்டில் பலகாரப் பெட்டியோடு நின்றேன். தீபாவளிச் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கமரா வாசலில் நுழைந்ததையும் வெளியேறியதையும்தான் பார்க்கும். எந்த நிமிடத்தில் நான் நிறுத்தியிருந்தேன் என்று அதற்குத் தெரியாது.

"நூறு பவுண் அநியாயம்" என்று மட்டும் எழுதிவிடாதே. எல்லாரும் எழுதுவது அது, அனேகமாக எடுபடாதது. பாரி பீவிஸ் என்ற பிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்காரர் செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவசத் தரிப்பிடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தி, 85 பவுணுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். அங்கே பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. போன கிழமை நான் எங்கள் தரிப்பிடத்துக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தேன். நுழையும் இடத்துக் கம்பத்தில் ஐவிக்கொடி ஏறியிருக்கிறது. "90 நிமிடம்" மட்டும் பெரிய எழுத்து. "100 பவுண்" மருந்துப் போத்தல் சீட்டு எழுத்தில் அடியில் கிடக்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பலகைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுதான் வாசித்தேன். படங்கள் உள்ளே.

கேட்கும் தொகையையும் பார்: நூறு, "வசூல் செலவு" எழுபது, நீதிமன்றக் கட்டணம் 35, வழக்கறிஞருக்கு 50. மொத்தம் 255. அந்த எழுபது எங்கிருந்து வந்தது? அந்த 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பாளரிடம் கேட்கக்கூடியது முதல் அறிவித்தலில் எழுதிய தொகைதான். அதையும் ஒரு வரியில் போடு.

கட்டிவிட்டால் நிம்மதி என்கிறாய். தீர்ப்புக்கு முன் கட்டினால் பதிவேட்டில் ஒன்றும் ஏறாது என்பது உண்மைதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வழக்காடித் தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் கட்டினால் பெயரை எடுத்துவிடுவார்கள். சிறுதொகை வழக்கு என்பதால் அவர்களுடைய வழக்கறிஞரின் முழுச் செலவும் உன் தலையில் விழாது. இடையில் ஒரு மணி நேரம் தொலைபேசியில் இலவசச் சமரசப் பேச்சு வைப்பார்கள். அதற்குக் கட்டாயம் இரு. விசாரணைக்குப் போனால் கறுப்பு அங்கி, வெள்ளை முடி என்று கற்பனை செய்யாதே. பெரும்பாலும் ஒரு சின்ன அறை, நீள மேசை, கோட்டுப் போட்ட ஒரு நீதிபதி, தண்ணீர்க் குவளை. ஒரு பெரியம்மா அங்கே தன் கைப்பையிலிருந்து பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நீதிபதி பொறுமையாகக் காத்திருந்தார்.

இது முடிந்ததும் காரை என் பெயருக்கு மாற்று. ஓட்டுகிறவள் நான், கடிதம் வாங்குகிறவன் நீ என்று இனியும் இருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு அழைப்பேன். வழக்குப் பத்திரத்தில், இணையத்தில் பதிவதற்கான கடவுச்சொல் இருக்கும் பக்கத்தை மேசையில் எடுத்து வைத்திரு.

அன்புடன்,
அம்மா