தியோத்திவாக்கான் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டிகளே,

வணக்கம். மெக்சிகோ நகரிலிருந்து காலையில் கிளம்பும் பேருந்துகள் உங்களிடம்தான் வந்து சேர்கின்றன. வருபவர்களில் பெரும்பாலானோர் மறுபடி வரப்போவதில்லை. தியோத்திவாக்கான் என்ற அந்தப் பழங்கால நகரைப் பற்றி அவர்கள் மனதில் தங்கப்போவது நீங்கள் சொல்வதுதான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: சூரியப் பிரமிடைக் காட்டுவதற்கு முன், அதன் பின்பக்கம் இருக்கும் தெபாந்தித்லாவுக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள்.

அது மக்கள் குடியிருந்த வளாகம். அங்குள்ள சுவரோவியத்தில் விரலளவு மனிதர்கள் ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், தண்ணீரில் நீந்துகிறார்கள், பட்டாம்பூச்சிகளைத் துரத்துகிறார்கள். ஒருவர் கையில் கிளையோடு நின்று அழுகிறார். அவர் வாயிலிருந்து பேச்சு சுருள்சுருளாக வெளிவருகிறது. அவர் ஏன் அழுகிறார் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

அப்புறம் வீடுகளைப் பற்றிச் சொல்லுங்கள். உச்சத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறையாமல் வாழ்ந்த ஊர் அது. பெரும்பாலானோர் இருந்தது குடிசையில் அல்ல. கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாக எழுப்பிய சுமார் 2,000 குடியிருப்பு வளாகங்களில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. நடுவே முற்றம், தரைக்கடியில் வடிகால், அதே தரைக்கடியில் அவர்களுடைய முன்னோர். மேற்கே ஒரு பகுதியில், தெற்கு மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தலைமுறைகள் கடந்தும் தங்கள் ஊர் வழக்கப்படியே இறந்தவர்களைக் கல்லறைகளில் வைத்தார்கள். பிழைக்க வந்தவர்களின் ஊராகவும் அது இருந்தது என்பதை இதைவிட நன்றாக எது சொல்லும்?

நரபலியை மறைக்கச் சொல்லவில்லை. இறகுப் பாம்புப் பிரமிடின் அடியில், கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரத்தத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள். கி.பி. 550 வாக்கில் அந்த ஊர் எரிந்தபோது, தீ பெரும்பாலும் ஊரின் நடுவே ஓடும் முதன்மைச் சாலையான இறந்தோர் வீதியை ஒட்டிய கோயில்களையும் பெரிய மாளிகைகளையும்தான் தின்றது. சாதாரண வளாகங்கள் பலவும் தப்பின. சொந்த மக்களே கிளர்ந்தெழுந்தார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுவது இதனால்தான். வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தச் செய்தி சட்டென்று உறைக்கும்.

இந்த ஊரைக் கட்டியவர்கள், பிற்காலத்தில் மெக்சிகோவில் பேரரசு நடத்திய அஸ்டெக்குகள் அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஊர் பாழடைந்துவிட்டது. சூரியப் பிரமிடின் முகமும் பழைய முகம் அல்ல. 1905 தொடங்கி 1910 வரை தொல்லியலாளர் லியோபோல்டோ பாத்ரெஸ் அதைச் சீரமைக்கும்போது, வெளிப்புறத்தைப் பல மீட்டர் ஆழத்துக்கு அகற்றிவிட்டார்.

நேரம் போதாது என்பது உண்மையான சிக்கல்தான். எரிமலைக் கண்ணாடிச் சிலைகள் விற்கும் கடைகளில் செலவாகும் நேரத்தில் பாதியை எடுத்தாலே தெபாந்தித்லாவுக்குப் போதும். கடைக்காரர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, பாதியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பேருந்தைப் பிரமிடின் பின்பக்க வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னால் நடையும் குறையும்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்