மூன்று ஸ்பூன்தான் சாப்பிட்டான்

அன்புள்ள தங்கைக்கு,

பகலில் நான் பார்த்துக்கொள்ளும் உன் மகனை, நம் தம்பியை, நேற்று மாலை கூட்டிப் போக வந்தபோது, "இப்போதெல்லாம் இவன் ஏன் சரியாகச் சாப்பிடுவதில்லை?" என்று என் வாசலில் நின்று நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. லிஃப்ட் வந்துவிட்டது, தம்பி ஒற்றைக் காலில் செருப்போடு ஓடிவிட்டான். "மூணு ஸ்பூன்தான் சாப்பிட்டான்" என்று நான் சொன்னதும் உன் முகம் வாடியதைப் பார்த்தேன். இரவு படுத்த பிறகும் அதுதான் நினைவில் நின்றது. என்னை அக்கா என்று கூப்பிடுகிறாய், அதனால் ஒருமையில் எழுதுகிறேன். வேறு அம்மாக்களுக்கும் உதவட்டும் என்று எல்லாரும் படிக்கும் இடத்திலேயே போடுகிறேன். பெயர் எதுவும் இல்லை, பயப்படாதே.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிள்ளை பார்க்கத் தொடங்கிய புதிதில், டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அப்போது என்னிடம் ஒரு பெண் குழந்தை இருந்தாள், இரண்டு வயது. ஒருநாள் பூசணிக்காய்க் கூட்டு. வாயை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தைப் பிடித்து ஒரு ஸ்பூன் உள்ளே தள்ளினேன். அதுவரை உள்ளே போயிருந்த சோறெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. அதற்கப்புறம் பூசணி மட்டுமில்லை, அதே நிறத்தில் இருந்த பப்பாளியைக்கூட அவள் தொடவில்லை. சாப்பாட்டு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அழுகை. அந்த அழுகையை நிறுத்த எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. டப்பா காலியாக வேண்டும் என்ற ஆசை அன்றோடு போயிற்று.

உன் மகனுக்கு இப்போது இரண்டரை வயது. பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் பிள்ளை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடுத்த ஒரு வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்த்தி மெதுவாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். கைக்குழந்தையாக இருந்தபோது எல்லாவற்றையும் தின்றான், இப்போது என்ன ஆயிற்று என்று நீ கேட்டாய் அல்லவா? ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் பயப்படுவதும் சகஜம். நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

எலின் சாட்டர் என்று ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர். அவர் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு வழியைத்தான் இப்போது என் வீட்டில் வைத்திருக்கிறேன். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். கேட்க லேசாக இருக்கிறது. செய்து பார்த்தால் நம் கைதான் சும்மா இருக்க மறுக்கிறது.

தட்டில் எப்போதும் அவனுக்குத் தெரிந்தது ஒன்று இருக்கும். பருப்புச் சோறோ, தயிர்ச் சோறோ, பாதி இட்லியோ. பக்கத்தில் புதுசு ஒன்று, ஒரு ஸ்பூன் அளவுக்கு மேல் வைக்கமாட்டேன். குழம்பைச் சோற்றில் பிசையாமல் தனிக் கிண்ணத்தில் வைப்பேன், ஒன்றோடு ஒன்று கலந்தால் அவனுக்குப் பிடிக்காது. அரை மணி நேரம். அதற்குள் சாப்பிட்டால் சாப்பிட்டான், இல்லையென்றால் முகத்தைச் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுவேன். அடுத்தது தூங்கி எழுந்து மூன்று மணிக்குத்தான். நடுவில் தண்ணீர் மட்டும். "இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்று சொல்வதே கிடையாது. சொன்னால், காய் என்பது தண்டனை, ஐஸ்கிரீம்தான் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும்.

இப்போது நீ கோபப்படக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். பால். காலையில் வீட்டில் ஒரு பாட்டில் குடித்துவிட்டுத்தான் வருகிறான். பத்து மணிக்கு என்று இன்னொரு பாட்டில் கொடுத்தனுப்புகிறாய், 240 மில்லி. பதினொன்றரைக்கு நான் தட்டை வைக்கிறேன். வயிற்றில் இடம் எங்கே? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வருவது டாக்டர்கள் அடிக்கடி எச்சரிக்கும் விஷயம். மாலையிலும் பார்க்கிறேன், "பாவம், சாப்பிடவே இல்லை" என்று கீழே காப்பிக்கடையில் கயா (இனிப்பான தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய பன் வாங்கிக் கொடுக்கிறாய். இரவுச் சாப்பாடு அங்கேயே போய்விடுகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலை, அப்புறம் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வருகிறாய், அந்த நேரத்தில் அழுகிற பிள்ளை கையில் ஒரு பன்னைக் கொடுக்காத தாய் யார்?

கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதும் அப்படித்தான். நம் பாட்டிகள் நிலாவைக் காட்டி ஊட்டினார்கள் என்று உன் மாமியார் சொன்னது உண்மை. என் மாமியார் சிங்கப்பூரில் நாம் இருக்கும் இதே யீஷூன் வட்டாரத்தில் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போய் மேலே ஓடும் ரயிலைக் காட்டி ஊட்டுவார். ரயில் போய்விடும், பிள்ளை திரும்பிச் சோற்றைப் பார்க்கும். திரை அப்படி விடாது. வாயில் போனது இட்லியா பஞ்சா என்றே தெரியாமல் விழுங்கும் பிள்ளைக்கு, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

என் வீட்டில் அவனுக்கு நான் வாத்தியார் இல்லை. எதிர் புளோக் மலாய்ப் பிள்ளைதான் வாத்தியார், நான்கு வயது. (அவளுக்காகத்தான் கோழியெல்லாம் ஹலால் கடையில் வாங்குகிறேன்.) கங்கோங் கீரையை அவள் "சாயூர்" (மலாயில் காய்கறி) என்று சொல்லிக்கொண்டு கையாலேயே எடுத்துத் தின்பாள். நம் தம்பி மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தான். போன புதன்கிழமை ஒரு தண்டை எடுத்தான், "சாயூர்" என்றான், நக்கினான், கீழே வைத்துவிட்டான். உனக்கு அது பூஜ்யம் ஸ்பூன். நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு காயை வாயில் வைக்கும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தை நானும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதி காய்கனி, கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு. அதை ஒரு வேளைக் கணக்காகப் பார்த்தால் நமக்குப் பைத்தியம் பிடிக்கும். நான் திங்கள் முதல் வெள்ளி வரை சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறேன்.

கவலைப்பட வேண்டிய இடமும் உண்டு. எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, பிடித்த பத்துப் பதினைந்து பண்டங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போனாலோ, நானே உன்னைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகச் சொல்வேன். தம்பியின் எடைக் கோடு ஒழுங்காகத்தான் ஏறுகிறது, போன மாதம் நீயே காட்டினாய். இன்னொன்று, மீன் உருண்டையையும் திராட்சையையும் முழுசாகக் கொடுத்தனுப்பாதே. நீளவாக்கில் நான்காக நறுக்கு. மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து விளையாட்டில்லை.

இனி மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு "எத்தனை ஸ்பூன்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காதே. "இன்று எதைத் தொட்டான்?" என்று கேள், சொல்கிறேன். பத்து மணிப் பாட்டிலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்போம். நாளை வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. கொழகொழப்பு அவனுக்குப் பிடிக்காது, தெரியும், இருந்தாலும் ஒரு துண்டு வைப்பேன். கையால்தான் அளைவான், மாற்றுச் சட்டை இரண்டாக வை.

அன்புடன்,
அக்கா